பூனை போகும் வழி

"ஆறு கூடு, வீபே! ஒரே வாரத்துல உன் பூனை காலி பண்ணிடுச்சு. இன்னிக்கே அதைக் காப்பகத்துல விட்டுட்டு வா."

வீபேயின் வீட்டுக்குள் நுழைந்த சிட்ஸ்கே உட்காரக்கூட இல்லை. நெதர்லாந்தின் பிரீஸ்லாந்து மாகாணத்தில் இருந்த அந்த மேய்ச்சல் நிலத்தில் ஆள்காட்டிப் பறவைகள் தரையிலேயே முட்டையிடும். இருபது வருடமாக அவற்றுக்குக் காவல் அவள்தான்.

"பொண்டாட்டி போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்," என்றான் வீபே. "நீ சொன்னா விட்டுடறேன். அதுக்கு முன்னாடி இதைப் பாரு."

பைனாகுலரை நீட்டினான். ஜன்னல் வழியே பார்த்தாள். பூனை மோப்பம் பிடிக்கவில்லை, பதுங்கவில்லை. தபால்காரர் வீடு வீடாகப் போவதுபோல நேராக நடந்தது. வழியில் புல்லுக்குள் அடைகாத்திருந்த ஒரு பறவையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனது.

"அதை மட்டும் ஏன் விட்டுடுச்சு?"

"அங்கே நீ குச்சி நடலையே, தாயே."

சிட்ஸ்கே மறுபடி பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். புல் வெட்டும் டிராக்டர் ஏறிவிடக் கூடாதென்று ஒவ்வொரு கூட்டின் அருகிலும் அடையாளக் குச்சி நட்டவள் அவள். பூனை குச்சிக்குக் குச்சி போய்க்கொண்டிருந்தது.

"குச்சி எல்லாத்தையும் பிடுங்கிடறேன்."

"நாளைக்கு டிராக்டர் வருதே?"

அவள் பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வெட்டி முடியற வரைக்கும் பூனை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், இல்லேன்னா நான் நிக்கற இடத்தையும் பாத்து வெச்சுக்கும். எந்தக் கூடு எங்கேன்னு எனக்குத் தெரியும்; குச்சிக்குப் பதிலா டிராக்டருக்கு முன்னாடி நானே நடந்து காட்டறேன்."

"நாப்பது ஏக்கர், சிட்ஸ்கே."

"குச்சி நடறதுக்கு நடந்த கால்தானே. நடக்கட்டும்."