குடைவாலர் பாஷை

“ஏட்டி, இதெல்லாம் ஒரு இனமா? வாயிருந்தும் பேசாதாம்!”

சுபாஷ் பகடையை மேஜையில் வீசினான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். தென்காசியில் ஜெயசித்ரா வீட்டு மாடி. காலேஜில் ஒன்றாகப் படித்த மூன்று பேரும் வாராவாரம் இங்கே கூடி ஒரு கற்பனை உலகத்துக்குள் நுழைந்துவிடுவார்கள். சமீனா கதையை நடத்துவாள். சுபாஷ் வாள்வீரன், ஜெயசித்ரா மந்திரக்காரி. எதிரே யார் வந்தாலும் அந்த வேஷத்திலேயே பேசிச் சமாளிக்க வேண்டும். முடியாவிட்டால் பகடை உருட்ட வேண்டும்.

சமீனா இன்றைக்குப் புதிதாக ஒரு இனத்தைப் படைத்துக் கொண்டுவந்திருந்தாள். பேர் குடைவாலர். மலையணில் உடம்பு, மனுஷ புத்தி. சாரல் விழுந்தால் வாலைத் தலைக்கு மேல் தூக்கிக் குடை பிடித்துக்கொள்வார்கள். அருவிக்குப் பின்னால் குகையில் வாசம்.

“வால் சூப்பர். ஏன் பேச மாட்டாங்க?” என்றாள் ஜெயசித்ரா.

“சீசன்ல ஐந்தருவியில நின்னுருக்கேல்லா? பக்கத்துல நிக்கவ கத்துனாலும் கேக்குமா? இவங்க பொறந்ததே அருவிக்குப் பின்னால. தொண்டைய வச்சு என்ன செய்ய? கையாலயும் முகத்தாலயும்தான் பேசுவாங்க.”

“சரி, அவங்க கையாட்டுனா நீ தமிழ்ல சொல்லிரு” என்றான் சுபாஷ்.

“சொல்ல மாட்டேன். அவங்க ஊருக்குப் போனா அவங்க பாஷைதான். வாயைத் திறந்தா உயிர் ஒண்ணு போயிரும்.”

“நாங்க விளையாட வந்தோமா, பரீட்சை எழுத வந்தோமா?”

“என் உலகம், என் சட்டம். இஷ்டமில்லன்னா குகையைச் சுத்திக்கிட்டுப் போ. வழியில டிராகன் இருக்கு.”

சுபாஷ் முறைத்தான். ஆனால் டிராகனிடம் போகவில்லை.

அன்றிலிருந்து தினமும் சமீனாவிடமிருந்து போனுக்கு ஒரு வீடியோ வந்தது. தண்ணீர். பயம். வழி. விலை. நண்பன். ஒவ்வொன்றையும் கையால் சொல்லிக் காட்டினாள். பதிலுக்கு இவர்கள் தப்பாகச் செய்து அனுப்பினால் விடமாட்டாள். ‘கேள்வி கேக்கப்போ முகமும் கேக்கணும். உன் முகம் தூங்குது. திரும்ப எடு’ என்று பதில் வரும்.

செங்கோட்டையில் தன் செல்போன் கடையில் உட்கார்ந்து சுபாஷ் கையை ஆட்டிப் பழகினான். ரீசார்ஜ் பண்ண வந்த மலையாளி ஒருவர், “எந்தா, கொசு கூடுதலோ?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மானம் போன ஆத்திரத்தில் ஜெயசித்ராவுக்குப் போன் போட்டான்.

“தலைக்கனம் பிடிச்சுப்போச்சு அவளுக்கு. தான் படைச்ச இனம்லா? நம்மளக் குரங்காட்டம் ஆட்டுதா.”

“அணிலாட்டம்னு சொல்லு” என்று சிரித்தாள் ஜெயசித்ரா.

சில வாரம் கழித்து, கதை குகை வாசலுக்கு வந்து சேர்ந்தது. அன்றைக்குச் சமீனா ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தாள்.

“இது உமாதேவி. எங்க ஸ்டுடியோவுல ஆல்பம் டிசைன் பண்ணுதா. இனிமே நம்மகூட விளையாடுவா. இவதான் குடைவாலர் தலைவி. குகைக்குள்ள வந்தாச்சு, யாரும் வாயைத் திறக்கப்படாது.”

ஆட்டம் தொடங்கியது.

சுபாஷ் குகையைக் கடக்க வழி கேட்டான். வாளை விலையாகத் தருவதாகக் கையசைத்தான். தலைவி புருவத்தைத் தூக்கிக் கையாலேயே பதில் சொன்னாள். உன் இரும்பு எங்களுக்கு எதற்கு? வாளை இங்கேயே போட்டுவிட்டு, என் ஊர்க் குட்டிகளைத் தோளில் சுமந்து அருவிக்கு அக்கரையில் விடு.

வாள்வீரனாவது, குட்டி சுமப்பதாவது! சுபாஷ் வாதாடினான். அவசரத்தில் ‘நண்பன்’ என்பதற்குப் பதிலாக வேறு எதையோ காட்டிவிட்டான். உமாதேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதிலுக்கு அவள் விரல்கள் பறந்தன. கிண்டல், மிரட்டல், பேரம் எல்லாம் அந்த இரண்டு கைகளில் வந்தன.

சாயங்காலம் வாள்வீரன் வாளை இழந்து, குட்டிகளைச் சுமந்து அக்கரை சேர்ந்தான்.

டீ வந்தது. உமாதேவி தன் டம்ளரோடு மாடிச் சுவர் ஓரம் போய் நின்று குற்றாலம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது கள்ள ஆட்டம்!” சுபாஷ் வெடித்தான். “நாங்க வாரக்கணக்கா முக்குதோம். இன்னைக்குச் சேர்ந்தவ எப்படி இந்தப் போடு போடுதா? உன் ஆபீஸ்காரின்னு தனியா டியூஷன் எடுத்தியா?”

சமீனா டீயை ஊதினாள்.

“அவளையே கேக்கேன்.” சுபாஷ் சுவர்ப் பக்கம் திரும்பினான். “ஏம்மா... உமாதேவி!”

அவள் திரும்பவில்லை.

“உமாதேவி! உன்னத்தான்!”

மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திமிரப் பாத்தியா? ஒரு ஆட்டம் ஜெயிச்சதுக்கே இப்படி!”

“கத்தாதலே” என்றாள் சமீனா. “அவளுக்குப் பிறவியிலயே காது கேக்காது.”

சுபாஷ் டம்ளரைக் கீழே வைத்தான்.

ஜெயசித்ராதான் முதலில் பேசினாள். “முதல்லயே சொல்லியிருந்தா நாங்க ஒழுங்கா ஒத்துழைச்சிருப்போம்லா சமீனா?”

“ஒத்துழைச்சிருப்பிய. பாவம் பாத்து, விட்டுக்கொடுத்து. இன்னைக்கு இவன் கடைசி வரைக்கும் விட்டுக்கொடுக்காம அவகிட்ட மல்லுக்கட்டுனாம் பாரு, அதுக்குத்தான் அவள இங்கன கூட்டியாந்தேன்.”

சுபாஷுக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை.

“அதெல்லாம் சரி. நீ படைச்ச பாஷைய அவ எப்படி இவ்வளவு சீக்கிரம் கத்துக்கிட்டா?”

“நான் படைச்சது வாலை மட்டும்தாம்லே. அவ எதையும் கத்துக்கல... நீங்கதான் இத்தனை வாரமா அவ பாஷையக் கத்துக்கிட்டு இருந்திய.”