சுற்றிப் பார்க்க ஒரு டிக்கெட்

"ஒரே ஒரு டிக்கெட் குடுங்க. இன்னிக்கு விட்டா எனக்கு வேற வழியே இல்ல." கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள் அந்தப் பெண். கையில் பெட்டி இல்லை, பை இல்லை. ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது.

"கிளம்பற வண்டியைப் பிடிக்கற மாதிரி பறக்கறீங்களே!" என்றார் டிக்கெட்காரர். "ஸ்டேஷனைச் சுத்திப் பாக்கவா இவ்வளவு அவசரம்? போன வாரம்தானே வந்தீங்க? அதே கடிகாரம், அதே படிக்கட்டுதாம்மா."

"சுத்திக் காட்டறவர்கிட்ட ஒண்ணு கேக்கணும். போன வாரம் தைரியம் வரல."

"அதுக்கு எதுக்கு டிக்கெட்? வெளியில வரும்போது கேட்டுக்க வேண்டியதுதானே?"

"வெளியில கேட்டா சொல்ல மாட்டாரு. நாளையிலேருந்து சுத்திக் காட்டறதையே நிறுத்தறீங்களாமே?"

"ஆமா, மராமத்து. திரும்ப எப்போ ஆரம்பிப்பாங்களோ, கடவுளுக்கே வெளிச்சம்." டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பூட்டிய கதவின் முன்னால் வழிகாட்டி பேசத் தொடங்கியிருந்தார். "பயணிங்க கண்ணுல படாத இடமெல்லாம் இன்னிக்குப் பாக்கப் போறோம். என்ன வேணா கேளுங்க. டிக்கெட் வாங்கினவங்க யார் எது கேட்டாலும் நான் பதில் சொல்லியே ஆகணும். அது இங்க சட்டம். சொல்லலேன்னா..."

அவளைக் கண்டதும் பேச்சு அறுந்தது. குனிந்து சாவிக்கொத்தில் எதையோ தேடினார்.

கடிகார கோபுரத்தின் படியடியில் நின்று ஒரு பெட்டியைத் திறந்தார். "மேல தூசி ஜாஸ்தி. ஒத்துக்காதவங்க மாஸ்க் கேட்டு வாங்கிக்குங்க." இரண்டு பேர் கேட்டு வாங்கினார்கள். அவள் கேட்கவில்லை. அவள் கையிலும் ஒன்றைத் திணித்துவிட்டு விறுவிறுவென்று ஏறிப் போனார். அவள் அதை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள்.

மேலே ஆளுயரப் பல்சக்கரங்களைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அவள் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தினம் இத்தனை படி ஏறினா முட்டி வலிக்காதா?"

"வலிக்கும்," என்றார், சக்கரத்தைப் பார்த்தபடி.

"மத்தியானம் யாரோட சாப்பிடுவீங்க?"

"தனியா."

கூட்டத்தில் தொப்பி போட்ட ஒருவர் மனைவியின் காதைக் கடித்தார். "இது சும்மா வந்த ஆள் இல்ல. மேலிடத்து ஆளு, செக்கிங். கண்டதைக் கேட்டு மாட்டிவிடப் பாக்குது. அந்தாளு மூஞ்சியைப் பாரு, பேயறைஞ்ச மாதிரி இருக்கு."

"பாவம், வேலைக்கே உலை வெச்சிடுவா போலிருக்கு," என்றாள் மனைவி.

பழைய சிக்னல் அறை முடிந்தது. பார்சல் வண்டிகள் போய்வந்த சுரங்கப் பாதையில் இறங்கினார்கள். ஒவ்வொரு விளக்கின் கீழும் அவள் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு முறையும் கேட்காமலே மூடிக்கொண்டாள்.

"இன்னும் எவ்வளவு இடம் பாக்கி?"

"இதோட சரி."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் மெதுவா போலாமே..."

"எங்களுக்கு வீடு வாசல் இருக்கும்மா!" என்றார் தொப்பிக்காரர்.

சுரங்கத்தின் முடிவில் இரும்புக் கதவு. பூட்டில் சாவியை நுழைத்துவிட்டு, வழிகாட்டி கூட்டத்தைப் பார்த்தார். அவளைத் தவிர எல்லோரையும் பார்த்தார். "வேற கேள்வி இருக்கா?"

சாவியைத் திருப்பினார். கதவு திறந்தது, வெயில் உள்ளே விழுந்தது. முதல் ஆள் வெளியே காலை வைப்பதற்குள் அவள் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இருக்கு."

"தீர்ந்தான் மனுஷன்," என்று முணுமுணுத்தார் தொப்பிக்காரர்.

வழிகாட்டி அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். அவள் மாஸ்க்கைக் கழற்றினாள்.

"வீட்லதான் ஒரு வருஷமா என்கூட ஒரு வார்த்தை பேசல. இங்கயாவது சொல்லுங்க..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நம்ம புள்ள செத்தது என்னாலயாங்க?"