கம்பளிப்புழுவும் ஒரு கொழுந்தும்

காட்டில் ஒரு வேங்கை மரத்தில் கம்பளிப்புழு ஒன்று இருந்தது. தொட்டவர்களை அரிக்கவைக்கும் மயிர் அதற்கு உடம்பெல்லாம் உண்டு. பறவைகள்கூட அதைச் சீண்டுவதில்லை. அதே மரத்தில் இருந்த ஒரு நத்தைக்கு மட்டும் அந்தப் பயம் இல்லை. சாயங்காலம் தின்னலாம் என்று புழு விட்டுவைத்திருந்த கொழுந்தை ஒருநாள் அது சாவகாசமாகத் தின்றுவிட்டது.

“இருக்கட்டும்டா நத்தை. சிறகு முளைச்சு வர்றேன். உன் கண்ணெதிரே கொழுந்தையெல்லாம் தின்னு தீர்க்கிறேனா இல்லையா பாரு!” என்றது புழு.

பிறகு தன் மயிரையே நூலோடு பின்னிக் கூடு கட்டி உள்ளே போனது. கூட்டுக்குள் உடம்பெல்லாம் கரைந்து வேறு உருவமானது. கோபம் மட்டும் கரையவில்லை.

அந்துப்பூச்சியாக வெளியே வந்ததும் நேரே நத்தையிடம் பறந்து, நல்ல கொழுந்தாகப் பார்த்து உட்கார்ந்தது.

“அடடே, புழு அண்ணனா! அன்னிக்குத் தெரியாம தின்னுட்டேன். இதைச் சாப்பிடுங்க” என்று நத்தை விலகிக்கொண்டது.

பூச்சி குனிந்தது. அதன் இனத்தில் சிறகு வந்தபிறகு தின்ன வாய் கிடையாது. பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

“என்னண்ணே, பசி இல்லையா?”

“எனக்குத் தோணும்போது தின்பேன். உனக்கென்ன?”

நத்தை பக்கத்து இலைக்குப் போய்விட்டது. சிறகோடு வாழ அந்துப்பூச்சிகளுக்குச் சில நாட்கள்தான் உண்டு. மற்றவையெல்லாம் ஜோடி தேடி மரத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தன.

“நீங்க போகலையா அண்ணே?” என்று கேட்டது நத்தை.

“நான் எழுந்தா நீ இதைத் தின்னுடுவே” என்று சொல்லி, பூச்சி இலைமேல் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது.