ஒரே கேம், ஏழு பெட்டி

“சின்ன வயசு வீடியோ கேமெல்லாம் சேர்க்கப்போறேன்னீங்க. ஒரே கேமை ஏழு பெட்டி வாங்கியிருக்கீங்களே!” மனைவி சிரித்தாள்.

வெல்டரான கணவர், பழைய சாமான் கடையில் அன்று வாங்கிய பெட்டியைத் திறந்து, மூடியின் உட்புறத்தை மட்டும் பார்த்தார். முகம் வாடியது.

“இதையும் விளையாட மாட்டீங்களா?”

“தம்பி ஜெயிச்ச பாயின்டையெல்லாம் மூடிக்குள்ள பென்சில்ல எழுதி வைப்பான்.”

“உங்களுக்கேது தம்பி?”

“பத்து வயசு வரைக்கும் இருந்தான். காய்ச்சல்ல போயிட்டான். அம்மா தாங்கமாட்டாங்கன்னு அப்பா அவன் சாமானையெல்லாம் யாருக்கோ கொடுத்துட்டார். ஒரு போட்டோகூட மிச்சமில்ல. அப்புறம் அவன் பேரை வீட்ல யாருமே எடுக்கல.”

அவள் மூடியை வாங்கி, உட்புறத்தைத் தானும் ஒருமுறை பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் கடையில் அவருக்கு முன்பே போய்ப் பெட்டிகளின் முன் உட்கார்ந்தாள்.

“கொழுந்தனோட எழுத்து எப்படி இருக்கும், சொல்லுங்க” என்றபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.