ஷேரிங் ரூம்

"தனி ரூம் எல்லாம் வேண்டாம். ஷேரிங் ரூம் போதும்" என்றார் அவர், கட்டிலில் உட்காராமலேயே.

மனைவி கையிலிருந்த பையைத் தொப்பென்று கீழே வைத்தாள். "நாளைக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். இப்பவாவது உங்க கஞ்சத்தனத்தை மூட்டை கட்டி வைக்கக் கூடாதா? அதான் இன்சூரன்ஸ் இருக்கே!"

"இருக்கு. ஆனா பாலிசின்னா ரூம் வாடகைக்கு ஒரு லிமிட் இருக்கும். அதைத் தாண்டினா, கூடுதல் வாடகையை மட்டும் நம்ம தலையில கட்டிட்டு விடமாட்டான். டாக்டர் பீஸ், தியேட்டர் சார்ஜ், எல்லாத்துலயும் அதே விகிதத்துல வெட்டுவான். லிமிட்டைப் போல ரெண்டு மடங்கு வாடகைக்கு ரூம் எடுத்தா, ஆபரேஷன் செலவுலயும் பாதிதான் தருவான்."

"இதெல்லாம் எங்கே போட்டிருக்கு?"

"சின்ன எழுத்துல."

அவள் பையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். அவர் அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்தியவர். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடாமல் படிப்பவர். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்குத் தூக்கம் வராது. சமையலறையில் நாள் முழுக்கக் கத்தும் ரேடியோவை மட்டும் ஏனோ ஒன்றும் சொன்னதில்லை. ஆளரவம் இல்லாவிட்டால் அவளுக்குக் கை ஓடாது.

செருப்பை இழுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் கவுன்டருக்கு அவரே போய்வந்தார். நர்ஸ் காட்டிய முதல் ஷேரிங் ரூமை எட்டிப் பார்த்து, "இங்க காத்தே வராது" என்று திரும்பிவிட்டார். கடைசி ரூம்தான் அவருக்குப் பிடித்தது.

அங்கே பக்கத்துக் கட்டிலில் ஒருவர் மாவுக்கட்டுப் போட்ட காலை உயரத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்தார். அவர் மனைவி, இவர்கள் நுழைவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"வாங்க, வாங்க! பையை இப்படி வைங்க. அந்த அலமாரிக் கதவு மூடாது, நான்தான் காகிதம் மடிச்சு சொருகியிருக்கேன். சாருக்கு இதயமா? எங்க வீட்டுக்காரருக்குக் கால். பல்பு மாத்தறேன்னு ஏணியில ஏறினார். பல்பு மாறலை, எலும்புதான் இடம் மாறிடுச்சு!"

"ஆரம்பிச்சுட்டா" என்றார் மாவுக்கட்டுக்காரர், கூரையைப் பார்த்து.

சாயங்காலத்துக்குள் அவளுடைய இரண்டு மருமகள்களின் குணமும் தெருக்கோடி வீட்டு வழக்கும் இவளுக்கு அத்துப்படியாகிவிட்டன.

"காது வலிக்குதுங்க. அந்த அக்கா வாய்க்குப் பூட்டே கிடையாதா?" என்று கணவரிடம் கிசுகிசுத்தாள்.

"உனக்குத்தான் ரேடியோ பிடிக்குமே" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

காலையில் ஸ்ட்ரெச்சர் வந்தது. லிஃப்ட் வரை கூடவே நடந்தாள். கோபம் இன்னும் அடங்கவில்லை.

"தனி ரூமா இருந்திருந்தா ரெண்டு வார்த்தை மனசு விட்டுப் பேசியிருக்கலாம். அதுக்கும் கணக்குப் பார்த்துட்டீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

ரூமுக்குத் திரும்பினாள். அவருடைய கட்டில் காலியாக இருந்தது. அதிலிருந்த போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"இங்க வாம்மா, என் பக்கத்துல உட்காரு" என்று அக்கா இழுத்து உட்கார வைத்தாள். பிஸ்கட்டைப் பிரித்துக் கையில் திணித்தாள். விட்ட இடத்திலிருந்து வழக்கைத் தொடர்ந்தாள். இவள் பார்வை கதவுப் பக்கம் போனபோது, பேச்சை நிறுத்தாமலே இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விடவேயில்லை.

மதியம் இன்சூரன்ஸ் கவுன்டர் பெண் எட்டிப் பார்த்தாள். "அம்மா, அப்ரூவல் வந்துடுச்சு. ஆபரேஷனும் நல்லபடியா போயிட்டிருக்காம். சார் ஐ.சி.யு.விலிருந்து வந்ததும் தனி ரூமுக்கு மாறிக்கறீங்களா? ஒண்ணு காலியாகுது."

"வேண்டாம்மா. லிமிட்டைத் தாண்டினா எல்லாத்துலயும் வெட்டுவாங்களாமே."

"அது சில பாலிசியிலதாம்மா. உங்களுக்கு ரூம் லிமிட்டே கிடையாதே! நேத்தே சாருகிட்ட சொன்னேனே."

"அப்புறம் எதுக்கு ஷேரிங் ரூம் கேட்டாராம்?"

அந்தப் பெண் பக்கத்துக் கட்டில் அக்காவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கும் புரியலம்மா. சார் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். 'எந்த ரூம்ல வாய் ஓயாம பேசற ஆள் இருக்காங்க?'"