மூன்றாவது சரணம்

“பள்ளிக்கூட மேடையில நான் பாடறதா? ஆளை விடும்மா, எனக்கு...”

“நீங்கதான் பாடணும்ப்பா. எங்க பாட்டுக் குழுவே ஒரே முடிவா இருக்கு.”

“குளிக்கும்போது நீங்க பாடறது தெருவுக்கே கேக்குது. இப்ப மட்டும் என்ன கூச்சம்?” என்று சமையலறையிலிருந்து அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

பஸ் வாடகை சேராவிட்டால் மகளின் குழு வெளியூர்ப் போட்டியை மறந்துவிட வேண்டியதுதான். அப்பா இறங்கி வந்தார்.

சனிக்கிழமை மேடையில் அவர் பல்லவியை எடுத்ததுமே கூட்டம் எழுந்துவிட்டது. உண்டியலைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. தலைமையாசிரியைகூட ஓடிவந்து பர்ஸைத் திறந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு உருகினார். மூன்றாவது சரணத்தில் உண்டியல் நிரம்பி வழிந்தது.

திரைக்குப் பின்னால் மகள் தயங்கித் தயங்கி வந்தாள்.

“அப்பா, கோவிச்சுக்காதீங்க. பாட்டு பிடிச்சுப்போய் யாரும் காசு போடல. உண்டியல் நிறைஞ்சாத்தான் உங்களை நிறுத்தச் சொல்லுவோம்னு நாங்க முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தோம்.”

அப்பா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“உங்கம்மா நேத்தே சொல்லிட்டா. அதான் சுருதியை இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாடினேன். பஸ்ஸுக்குத் தேறிடுச்சா, இல்ல இன்னொரு பாட்டு எடுக்கட்டுமா?”