ஹெட்விக் அக்காவின் கால் பலம்

"இந்தக் காலத்து பல்பெல்லாம் இப்படித்தான் அக்கா. ஒரு வாரம்கூடத் தாங்காது" என்றார் ஸ்டெல்லன், ஏணியின் மேல் நின்றபடி.

கீழே ஹெட்விக் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வயது எண்பத்திரண்டு. சுவீடனின் வடக்கே, நவம்பர் வந்துவிட்டால் மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதற்குள் இருட்டிவிடும் ஊர். விளக்கு இல்லாமல் வீட்டில் ஒரு வேலையும் ஓடாது.

ஸ்டெல்லன் நகராட்சி அனுப்பும் ஆள். வயதானவர்கள் ஸ்டூலில் ஏறி எலும்பை முறித்துக்கொள்ளக் கூடாது என்று அந்த நகராட்சி செய்திருந்த ஏற்பாடு அது. பல்பு, திரைச்சீலை என்று உயரத்தில் எது இருந்தாலும் ஒரு போன் செய்தால் போதும், இலவசமாக வந்து முடித்துக் கொடுப்பார். அவருக்கும் ஓய்வு பெறுகிற வயதுதான். மனைவி போன பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஹெட்விக் வீட்டில் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஒரு பல்பு போகும். ஒரு நாள் கூடம், ஒரு நாள் குளியலறை, இன்று சமையலறை.

போன கிறிஸ்துமஸுக்கு ஜன்னலில் காகித நட்சத்திரம் தொங்கவிடுகிறேன் பேர்வழி என்று ஸ்டூலில் ஏறி, விழுந்து, மணிக்கட்டை உடைத்துக்கொண்டவர் ஹெட்விக். எலும்பெல்லாம் ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் உல்ரிகா தெற்கே கோத்தன்பர்கிலிருந்து ஓடி வந்தாள். அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று ஒற்றைக் காலில் நின்றாள். அம்மா மசியவில்லை. ஒருவழியாக உடன்பாடு ஏற்பட்டது. ஸ்டூல், ஏணி எதிலும் இனி அம்மா கால் வைக்கக் கூடாது. இந்த டிசம்பரில் பிசியோதெரபிஸ்ட் வந்து சோதித்துப் பார்ப்பார். காலில் பலம் இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

ஸ்டெல்லன் இறங்கியதும் காப்பியும் ஏலக்காய் பன்னும் மேசைக்கு வந்தன. சர்ச் மண்டபத்தில் முதியோருக்கு நடக்கும் உடற்பயிற்சி வகுப்புக்குப் போனீர்களா என்று ஸ்டெல்லன் விசாரித்தார்.

"போனேன். பந்தை உருட்டி விளையாடச் சொன்னாங்க. எனக்கென்ன மூணு வயசா? திரும்பி வந்துட்டேன்."

"விளையாட்டு இல்லக்கா. கால் தள்ளாடுச்சுன்னா வீடு கையை விட்டுப் போயிடும்."

"தெரியும்ப்பா. இன்னொரு பன் எடுத்துக்க."

ஸ்டெல்லனுக்குக் கவலையில் பன் ருசிக்கவில்லை. ருசிக்காமலேயே இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து பழகச் சொன்னார். ஹெட்விக் எல்லாவற்றுக்கும் சமர்த்தாகத் தலையாட்டினார். ஒன்றையும் செய்யப்போவதில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. இந்த வீடு பூட்டிக் கிடக்கும் என்ற நினைப்பே ஸ்டெல்லனுக்குப் பிடிக்கவில்லை.

சோதனை நாளும் வந்தது. உல்ரிகா முந்தின நாளே வந்து, பெரிய பெட்டிகளைக் கூடத்தில் அடுக்கி வைத்திருந்தாள். அன்று பார்த்து சமையலறை பல்பு மறுபடி போயிருந்ததால் ஸ்டெல்லனும் இருந்தார்.

பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். போதும் போதும் என்று அவளே நிறுத்த வேண்டியிருந்தது. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். ஹெட்விக் நின்றுகொண்டே, காப்பியில் பால் வேண்டுமா என்று அவளைக் கேட்டார்.

"அறுபது வயசுக்காரங்க கால் மாதிரி இருக்கு. என்ன பயிற்சி பண்றீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. வீட்டு வேலைதான்."

உல்ரிகா போய்ப் பெட்டிகளை எடுத்துக் காரில் வைத்தாள். கிளம்பும் முன் ஸ்டெல்லனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்க இருக்கறதாலதான் அம்மா எதிலயும் ஏறாம பத்திரமா இருக்காங்க. இதை மறக்கவே மாட்டேன்."

ஸ்டெல்லனின் காது மடல்கள் சிவந்தன. அதெல்லாம் என் கடமை என்று முணுமுணுத்தார்.

எல்லாரும் போன பிறகு ஏணியில் ஏறிப் புது பல்பை மாட்டினார். விளக்கு எரிந்தது. வழக்கம்போல் கடைசி அரைச் சுற்றை இறுக்காமல், ஒரு நாளில் தானாக அணைந்துவிடும்படி லேசாகத் தளர்த்தி விட்டுவிட்டு இறங்கினார். தனியாக இருக்கிற மனுஷி, பேச்சுத் துணைக்கு வாரம் ஒரு தடவையாவது ஆள் வந்துபோக வேண்டாமா என்பது அவர் நியாயம்.

அவருடைய வேன் தெருமுனை திரும்பியதும், ஹெட்விக் கோட் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஏணியை இழுத்து வந்து, மளமளவென்று ஏறி, அந்த அரைச் சுற்றை இறுக்கினார். ஒரு வாரம் முழுக்க இருட்டில் இருக்க முடியுமா? அடுத்த வாரம் போன் செய்வதற்கு முன்னால், போன வசந்தத்திலிருந்து செய்வதுபோலவே, மறுபடி ஏறித் தளர்த்திவிட வேண்டும். பாவம், பெண்டாட்டியை இழந்த மனுஷன், காப்பி குடிக்க அவனுக்கும் ஒரு வீடு வேண்டாமா!